அழுதுவிட்டுப் போகிற வீடு

என் மகளைப் பார்த்ததும் "ஐயோ, என்ன ஆச்சு?" என்று கேட்காத முதல் மனுஷி மாமிதான். கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த மாமி, சுவரோரம் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த வள்ளியைக் கவனித்தார். "எந்த கிளாஸ்?" என்றார். வள்ளிக்குப் பேச்சு வர நேரம் பிடிக்கும். வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் விழுங்கி, "மூணு" என்றாள். மாமி அதுவரை காத்திருந்தார். "எந்த டிவிஷன்?" "பி." "பி-யா, சரி" என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி, "கை முட்டிக்கு மேல நிக்கணும், கேட்டியா? போன தடவை ஒருத்தி தொளதொளன்னு தைச்சுக் குடுத்துட்டா" என்று ரவிக்கைக்குப் போய்விட்டார்.

மற்றவர்கள் என்றால் என் உயிரை எடுத்திருப்பார்கள். பிறக்கும்போதேயா, காய்ச்சலில் வந்ததா, என்ன வைத்தியம், எந்தக் கோயில், இன்னொரு பிள்ளை ஏன் பெற்றுக்கொள்ளவில்லை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில் "எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு எழுந்து போவார்கள். பிறக்கும்போது மூச்சு முட்டியதில் வள்ளிக்கு வலது கையும் காலும் சொன்னபடி கேட்காது. சுவரைப் பிடித்து நடப்பாள், படி ஏற வராது. இதில் சரியாவதற்கு என்ன இருக்கிறது? மாமி அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமி போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. அவருடைய மகனை அவர் தம்பி வந்து பாலக்காட்டுப் பக்கம் ஒரு இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்ரஹாரத் தெருவில் அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த வழியாகப் போகவேண்டி வந்தால் நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

அவர் டீச்சர் இல்லை, டாக்டர் இல்லை. வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். ஐம்பதை ஒட்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக் கூடத்தில், வள்ளி மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். தமிழர்களும் உண்டு, மலையாளிகள்தான் அதிகம். வந்தவர்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு மீட்டிங் வரவிருக்கும். இந்த மாதிரிப் பிள்ளைக்கு இந்த வருஷம் என்ன சொல்லிக்கொடுப்பது, எங்கே உட்கார வைப்பது, யார் துணைக்கு இருப்பது என்று பள்ளிக்கூடத்துக்காரர்களும் பெற்றோரும் சேர்ந்து திட்டம் போடுகிற மீட்டிங். ஐ.இ.பி. என்பார்கள். சேர்ந்து போடுவது என்று பெயர்தான். அவர்கள் நாலைந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள், நாம் இந்தப் பக்கம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மாமி அந்த மீட்டிங்கை முன்கூட்டியே தன் கூடத்தில் நடத்திப் பார்ப்பார். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார். அவ்வளவுதான், ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துவிடுவாள். குரல் மாறும், பேச்சு மலையாளத்துக்குப் போகும், கண் நம்மைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்க்கும். முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற அம்மாவோ அப்பாவோ பதில் சொல்ல வேண்டும்.

நான் முதன்முதலாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது வள்ளி நாலாம் வகுப்புக்குப் போகும்போது. "குட்டிக்கு ஒந்நும் மனசிலாவில்லல்லோ" என்று ஆரம்பித்தார். பிள்ளைக்கு ஒன்றும் புரிவதில்லையாம்; மாமி விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சிரித்தேன். "க்ளாஸில மூத்திரம் போகுந்நு. மத்தக் குட்டிகளோட அச்சனம்மமார் கம்ப்ளெயின்ட் பறயுந்நு. ஒரு குட்டிக்கு வேண்டி நாப்பது குட்டிகள் கஷ்டப்படணோ?" என்றார். என் சிரிப்பு நின்றது. "நிங்ஙள் வீட்டில் எந்தாணு செய்யுந்நது? தையலோ? அப்போ குட்டியெ நோக்கான் சமயம் இல்லா, அல்லே?" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்படி அழுதேன்.

மாமி எழுந்து வரவில்லை. முதுகைத் தடவவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் மூக்கை உறிஞ்சி முடிக்கிறவரை எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதாச்சா?"

தலையாட்டினேன்.

"சரி. முதல்லேர்ந்து" என்று மறுபடி "குட்டிக்கு ஒந்நும் மனசிலாவில்லல்லோ" என்று ஆரம்பித்தார்.

எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. கண்ணீர் வராமல் நான் ஒரு பதிலை முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கோபமான கோபம். "இப்படிப் பேச உங்களுக்கு நாக்கு கூசலையா மாமி?" என்று கேட்டேவிட்டேன்.

"கூசறது. அவா சொல்லும்போது அவாளுக்குக் கூசாது. இங்க அழுதுட்டுப் போங்கோ. அங்க போய் அழுதேள்னா அவாளுக்கு ஜோலி எளுப்பமாயிடும், சுலபமா முடிச்சு அனுப்பிடுவா."

இன்னொரு விஷயம். ரவிக்கை என்றால் மாமிக்கு நான் 'நீ', 'வாடி', 'போடி'. பிள்ளை விஷயம் என்று வந்துவிட்டால் 'நீங்க', 'வாங்கோ'. எல்லா அம்மாக்களுக்கும் அப்படித்தான். வீட்டு வேலைக்குப் போகிறவளானாலும் சரி, பேங்க் ஆபீசரானாலும் சரி, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால் 'நீங்க'தான்.

இந்த வித்தையை அவர் வக்கீல் ஆபீசில் கற்றார். சாட்சி சொல்லப் போகிறவர்களை முதல் நாள் ஆபீசில் உட்கார வைத்து, எதிர்க்கட்சி வக்கீல் கேட்கப்போகிற அத்தனை அசிங்கமான கேள்வியையும் இவர்களே கேட்டு வாட்டி எடுப்பார்களாம். மூலையில் டைப் அடித்துக்கொண்டே அதையெல்லாம் வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறார் மாமி. "கோர்ட்டுக்குப் போறவாளுக்கு இருக்கற பாக்கியம், ஸ்கூலுக்குப் போறவாளுக்கு இல்லை" என்பார்.

கேட்பதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரே ஒரு காரியம்தான் கேட்க வேண்டும். "ரெண்டு கேட்டேள்னா சின்னதைக் குடுத்துட்டுப் பெரிசைப் பிடுங்கிண்டுடுவா. ஒண்ணு மட்டும் கேளுங்கோ. அவா என்ன சொன்னாலும் திரும்பவும் அதையே கேளுங்கோ." அப்படித்தான் நாலாம் வகுப்பில் வள்ளிக்குச் சாய்ந்து உட்காரக் கைவைத்த நாற்காலி வாங்கினேன். அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது, ஆனால் நாற்காலி வந்தது. மாமியிடம் சொன்னபோது, "ம்" என்றார். அதோடு சரி.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு போலீஸ்காரர் வந்தார், ஆறடி உயரம், மீசையைப் பார்த்தாலே பயம் வரும். இரண்டாவது கேள்வியிலேயே தேம்பித் தேம்பி அழுதார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், தேறிவிட்டார். ஆனால் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளை, அப்போதுதான் டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறாள், பாதியில் எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். அப்புறம் வரவே இல்லை. தெருவில் சிலர், "அந்த மாமிக்கு அடுத்தவா அழறதைப் பாக்கறதுல ஒரு சுகம்" என்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அந்தக் குரலில் பேசும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சம் வரும். மற்ற நேரத்தில் அந்த முகத்தில் அதைப் பார்க்க முடியாது.

அந்தக் குரல் யாருடையது என்று பிறகுதான் தெரிந்தது. மாமியின் மகனுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல வாட்டசாட்டம். பேச்சு குறைவு, கண்ணைப் பார்க்கமாட்டான். உள்ளறையில் உட்கார்ந்து பேப்பரை ஒரே அகலத்தில் நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருப்பான். கூடத்தில் மாமி ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பேச ஆரம்பித்தால், சில நாள் எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பான். "அம்மா, ஆத்துக்குப் போலாம்" என்பான். "இதுதாண்டா ஆம்" என்பார் மாமி. அவன் கேட்கமாட்டான். "ஆத்துக்குப் போலாம், ஆத்துக்குப் போலாம்" என்று முந்தானையைப் பிடித்து இழுப்பான். சொந்த வீட்டில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு ஆண்பிள்ளை கேட்பதைப் பார்க்க முடியாமல் நான் வாசல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள், மழையில் யாரும் வராத ஞாயிறு, மாமி அதைச் சொன்னார். அவனுக்கு ஒன்பது வயது. அப்போது இந்த ஐ.இ.பி. எல்லாம் இல்லை, சும்மா வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். இவரும் கணவரும் அவனும் போனார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்ன முதல் வார்த்தைக்கே இவர் அழ ஆரம்பித்தவர், நிறுத்தமுடியவில்லை. "பியூனைக் கூப்பிட்டுத் தண்ணி கொண்டுவரச் சொன்னா. நான் தண்ணி குடிச்சு முடிக்கறதுக்குள்ள எங்காத்துக்காரர் டி.சி.க்குக் கையெழுத்துப் போட்டுட்டார். நான் ஒரு வார்த்தை பேசலை, தெரியுமோ? வீட்லேர்ந்து மனப்பாடம் பண்ணிண்டு போயிருந்தேன், ஒரு வார்த்தை பேசலை." அவனுக்கு அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கணவரும் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போய் வந்துகொண்டு, ஞாயிறு தோறும் அதே ஹெட்மிஸ்ட்ரஸாக உட்கார்ந்து, ஊரில் உள்ள அம்மாக்களை எல்லாம் அழாமல் பேச வைத்துக்கொண்டிருந்தார் மாமி.

வள்ளி நாலாம் வகுப்பு முடித்தாள். அந்தப் பள்ளிக்கூடம் நாலு வரைதான். அஞ்சுக்குப் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். அவள் சிநேகிதி ஷெரினும் மற்றப் பிள்ளைகளும் அங்கேதான் சேர்ந்தார்கள். அஞ்சாம் வகுப்பு மாடியில். என் கேள்வி ஒன்றே ஒன்று: அஞ்சாம் வகுப்பைக் கீழே கொண்டுவாருங்கள். கீழே ஏழாம் வகுப்பு இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடும், இடம் மாற்றினால் தீர்ந்தது. வள்ளி மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் தம்பானூரில் ஓட்டல் சமையல்காரர். இந்த ஊரில் எத்தனையோ வருஷம் ஆகியும் அவருக்குப் பயம் போகவில்லை. "ஏட்டி, அந்நிய ஊரு, வாடகை வீடு. அவங்க சொல்லுததைக் கேட்டுட்டு வருவோம், நமக்கு எதுக்கு வம்பு?" என்பார். அதனால் மாமியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். மாமி லீவு போட்டார். முந்தின இரண்டு ஞாயிறும் என்னை ஸ்டூலில் போட்டு வறுத்தெடுத்திருந்தார். எதையும் கேட்கத் தயாராகத்தான் போனேன்.

அங்கே புது ஹெட்மிஸ்ட்ரஸ். இளம் வயது, மாற்றலாகி வந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவே இல்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து எங்களோடு உட்கார்ந்தார். "வாங்க வாங்க, இரிக்கு" என்று தெரிந்த தமிழில் பேசினார். வள்ளியின் முடியை ஒதுக்கிவிட்டு, "மோள்க்கு எந்து பேரு?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை பொறுமையாக இருந்தார். டீ வந்தது, நேந்திரங்காய் வறுவல் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூட உட்கார்ந்திருந்த, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற ரிசோர்ஸ் டீச்சர் மாமியைக் காட்டி ஏதோ சொன்னதும் ஹெட்மிஸ்ட்ரஸ் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சியைப் பத்தி ஞான் கேட்டிட்டுண்டு. மோன் எங்ஙனெ உண்டு? இப்போ மோனோட கூட ஆரா?"

மாமி, "பக்கத்து ஆத்துல" என்றார்.

"சேச்சி ஊணு கழிச்சோ?"

சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டார். மாமியின் மோவாய் நடுங்குவதை நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த நிமிஷம், அந்தக் கல்லு மாமி, ஹெட்மிஸ்ட்ரஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குரல் எழுப்பி அழுதார். வள்ளி பயந்துபோய் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவர் முதுகைத் தடவிக்கொண்டே எங்களிடம் பேசினார். இந்த சேச்சி எவ்வளவு பட்டிருக்கிறார் பாருங்கள், பிள்ளையை ஒவ்வொரு இடமாக இழுத்துக்கொண்டு அலைந்து, உங்களுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம் என்றார். மோளுடைய பேர் அஞ்சாம் வகுப்பில் இருக்கும், வீட்டில் இருந்தே படிக்கலாம், வாரம் ஒரு நாள் டீச்சர் வீட்டுக்கு வருவார், மழையில் நனையவேண்டாம், படி ஏறவேண்டாம் என்றார். நான் என் கேள்வியைக் கேட்டேன். "அஞ்சாம் கிளாஸைக் கீழே கொண்டுவரணும் டீச்சர்." அவர் மறுத்துப் பேசவில்லை. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள் என்பதுபோல மாமியைப் பார்த்து, "சேச்சி பறயூ, அம்மைக்கு மனசிலாகும்" என்றார்.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அவா சொல்றதும் சரிதான்னு தோண்றது."

என் வீட்டுக்காரர் அதற்காகவே காத்திருந்தவர்போலத் தலையை ஆட்டினார். முடிந்தது.

அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் நடித்தார் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். நிஜமாகவே நல்ல மனசுதான். வம்பே அதுதான். கடுமைக்கு எங்களை அத்தனை பழக்கிய மாமி, அன்பாக ஒருத்தி பேசிவிடுவாள் என்று யோசிக்கவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் நான் கேட்டேவிட்டேன். "ஏன் மாமி அப்படிச் சொன்னிய? நீங்களே இப்படிச் சொல்லலாமா?" வீட்டுக்காரர், "விடுட்டி" என்றார். மாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சாப்பிட்டயான்னு என்னை யாரும் கேட்டதே இல்லைடி" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது, அதைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. அதற்கப்புறம் நான் அவரோடு பேசவில்லை.

ஜூன் மாதம் மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. வள்ளி வீட்டில். டீச்சர் புதன்கிழமை வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். பாவம், அவரும் நல்லவர்தான், படம் வரைந்த அட்டையெல்லாம் கொண்டுவருவார். ஒரு புதன்கிழமை வள்ளி அட்டையைத் தள்ளிவிட்டு, "நீங்க எங்க வீட்டுக்கு வந்துட்டீங்க. நான் உங்க ஸ்கூலுக்கு வரணும்ல?" என்று கேட்டாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரமானது தெரியுமா? டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலில் தினமும் சாயங்காலம் எட்டிப்பார்த்த ஷெரின், பிறகு எப்போதாவது வந்தாள், பிறகு வரவில்லை. வள்ளி என் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு துணி பிரித்தாள். இன்னும் பதினைந்து வருஷம் கழித்து இவள் இதே சுவரோரம் இதே துணியைப் பிரித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாமி வீட்டு உள்ளறை என் கண்முன் வந்து வந்து போனது.

ஆடி கழியும் சமயம், மாமியே வந்தார். கையில் ரவிக்கைத் துணி, பின்னால் மகன். நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மகன் வள்ளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் துணி பிரிக்க ஆரம்பித்தான். மாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மறுபடியும் மீட்டிங் கேளுங்கோ. நடுவுல கேக்கலாம், அதுக்கு வழி இருக்கு. நானும் வரேன். அதுக்கு முன்னாடி நீங்க ஹெட்மிஸ்ட்ரஸா இருங்கோ."

"என்னது?"

"என்கிட்ட நல்லபடியாப் பேசுங்கோ. நான் அழாம இருக்கப் பழகணும்."

எனக்கு வந்த எரிச்சலில், சரி வைத்துப் பார்ப்போம் என்று மிஷினை நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில், "சேச்சி ஊணு கழிச்சோ?" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒப்புக்குத்தான் கேட்டேன். மாமியின் கண் பொங்கிவிட்டது. கையால் சைகை செய்தார், மறுபடி என்று. மறுபடி கேட்டேன். மறுபடியும் அழுதார். ஞாயிறு தோறும் வந்தார். "மோன் எங்ஙனெ உண்டு?" அழுவார். "ராத்திரி நல்லா உறங்குறீங்களா?" அழுவார். அவரை அழவைக்க எனக்கு அத்தனை சுலபமாக இருந்ததை நினைத்து எனக்கே கூசியது. என் கோபம் எப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு ஞாயிறு நான் ஹெட்மிஸ்ட்ரஸ் வேஷத்தை மறந்து, என் சொந்தத் தமிழில், "மாமி, ரொம்ப மெலிஞ்சு போயிட்டிய. உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு அழுததுதான் அதிகம்.

கடைசியில் அவரே சொன்னார். "நான் வரலை. இது எனக்கு வராது. நான் வந்தேன்னா உங்க கொழந்தை தோத்துடும். நீங்களே போங்கோ. டீ குடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்கோ. குடிச்சுட்டு அதையே கேளுங்கோ."

அதோடு ஞாயிற்றுக்கிழமைகளையும் நிறுத்திவிட்டார். வந்த அம்மாக்களை வாசலிலேயே, "என்னால பிரயோஜனம் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம். சிலர் என்னிடம் வந்து, நீயாவது செய்யேன் என்றார்கள். எனக்கு எங்கே வரும்? அந்தக் குரலை நான் எங்கே போய் வாங்குவது?

மீட்டிங்குக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். அதே அன்பு, அதே டீ. "சேச்சி வந்நில்லே?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ். "வரல டீச்சர். அஞ்சாம் கிளாஸைக் கீழே கொண்டுவரணும்." அவர் மழையைச் சொன்னார், படியைச் சொன்னார், என் கஷ்டத்தைச் சொன்னார். எல்லாம் உண்மைதான். "ஆமா டீச்சர். அஞ்சாம் கிளாஸைக் கீழே கொண்டுவரணும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கை வெதுவெதுப்பாக, நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையை விடாமலே நான் இன்னொரு தடவை சொன்னேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன். கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் பெருமூச்சு விட்டு, "நோக்காம்" என்றார், பார்க்கலாம் என்று.

ஓணம் லீவு கழிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஏழாம் வகுப்பு மாடிக்குப் போயிருந்தது. வள்ளியை ஷெரின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நேராக அக்ரஹாரத் தெருவுக்குப் போனேன். மாமி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசல்படியில் நின்றே சொன்னேன்.

"கீழேயா?" என்றார்.

"கீழதான் மாமி."

"அழுதேளா?"

"இல்ல."

"ம்" என்றார். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவரிடம் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "மாமி, நீங்க மட்டும் இல்லன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம். நல்லதா ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. என்னால முடியாது. நான் ஆபீசுக்குப் போகணும்."

எதையாவது சொல்லாமல் திரும்பவும் முடியவில்லை. கீழே பார்த்தேன். பால் பாக்கெட் வாசலில் வெயிலில் கிடந்தது.

"பாலை எவ்வளவு நேரமா வெயில்ல போட்டு வச்சிருக்கிய? எடுத்து உள்ள வைக்கத் தெரியாதா? திரிஞ்சு போச்சுன்னா அந்தப் பிள்ளை எதைக் குடிப்பான்? வக்கீல் ஆபீசுல வேலை பாத்து என்ன, ஒரு பாலை எடுத்து வைக்கத் துப்பில்ல!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டேன்.

மாமி குனிந்து பாக்கெட்டை எடுத்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் அப்படியே லேசாகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் திட்டு" என்றார்.

திட்டினேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறவரை அந்த வாசலில் நின்று திட்டினேன்.